பாதிப் பாட்டும் மீதி மாவும்

கோவில்பட்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், மூன்று தெருவும் நாற்பத்தொரு வீடும் ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள எங்கள் மீனாட்சி நகரில், ஆடி மூன்றாம் வெள்ளியன்று பகல் பதினொன்றரை மணிக்கு, அம்மன் கொடைக்கு மைக் செட் ஓட வேண்டும் என்று நாங்களே மின்கம்பியில் போட்டிருந்த கொக்கி காற்றில் ஆடி, படக்கூடாத கம்பியில் பட்டு, இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய வழியில் நானூறு வோல்ட் வந்தது. வந்த மின்சாரம் நாற்பது வீட்டில் ஒரு பல்பைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் தெருக் கடைசி வீட்டுக்குள் நேராகப் போய், பால்வண்ணனின் கம்ப்யூட்டரை மட்டும் எரித்துவிட்டு அடங்கியது. ஏன் அந்த ஒன்றை மட்டும் என்று விசாரித்துப் பார்த்தோம். மின்வாரியத்து ஆள் வானத்தைப் பார்த்தார், பூசாரி தரையைப் பார்த்தார், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பால்வண்ணன் நகராட்சியில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை, மற்றவர்கள் தொடங்கியதற்கும் முடித்ததற்கும் தேதி போட்டு முத்திரை குத்திக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் மெட்டுப் போடுவார். வார்த்தை கிடையாது, வெறும் இசைதான். வயலின், குழல், தவில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வாசிக்கும். எது எங்கே நுழைய வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று இவர் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில் அறுபத்து மூன்று மெட்டுப் போட்டிருந்தார். நாயன்மார் கணக்குத்தான், ஆனால் ஒருவருக்கும் முக்தி இல்லை, ஏனென்றால் ஒன்றைக்கூட அவர் முடித்ததில்லை. ‘மழை’ என்று தொடங்கியது ‘மழை கடைசி’ ஆகி, ‘மழை கடைசிக்குக் கடைசி’ ஆகி, ‘மழை இதுதான் கடைசி, தொடாதே’ என்று பெயர் வைத்த பிறகும் தினமும் தொடப்பட்டு, பாதியிலேயே நின்றது. ஒரு மனிதரும் அவற்றைக் கேட்டதில்லை. அவர் மனைவி ஆவுடையம்மாள்கூட, பதினோரு வருடமாக அவருடைய முதுகையும் தலையாட்டலையும்தான் பார்த்திருக்கிறாள்.

இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கென்றே மூன்று வருடம் முன்பு ஒரு பென் டிரைவ் வாங்கி வைத்திருந்தார். அரைகுறையை அதில் ஏற்றக் கூடாது, முதலில் முடிகிற மெட்டைத்தான் நல்ல நாள் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பூஜை அலமாரியில் இருந்தது. மூன்று சரஸ்வதி பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பொரிகடலை படைத்துக் கும்பிட்டிருக்கிறார். சாமியும் தன் பங்குக்கு அதைக் காலியாகவே காப்பாற்றிக் கொடுத்தது.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனார். ரிப்பேர்க் கடை இஸ்மாயில் அதைத் திறந்து, முகர்ந்து, வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு, சேதமானது வேறு, இது வேறு என்றார். சேதமாகியிருந்தால் துண்டு துணுக்காவது கிடைக்கும், இது யாரோ குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். பால்வண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்து, மேஜையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசி படியாத சதுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு நெஞ்சு வலித்தது. எங்கே வலிக்கிறது என்று ஆவுடை கேட்டதற்கு, அவரால் இடம் காட்ட முடியவில்லை.

நாங்கள் முறைப்படி துக்கம் விசாரிக்கப் போனோம். கொக்கி போட்டவர்கள் நாங்கள் அல்லவா, முகம் காட்டாமல் இருக்க முடியுமா. கம்ப்யூட்டர் போனால் போகிறது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஆள்மாற்றி ஆள் சொன்னோம். உள்ளே இருந்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அவர் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் லைன் சரியானது. ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் தெருவில் மாவு அரைத்து விற்றுப் பிழைக்கும் பேச்சித்தாய், ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டினாள். வழக்கமான தடதட சத்தத்துக்குப் பதிலாக அதிலிருந்து ஒரு குழலும் அதன் பின்னால் இரண்டு வயலினும் கிளம்பி, ஒரு நிமிடம் நாற்பது விநாடி வாசித்து, ஒரு மேட்டில் ஏறப்போகிற இடத்தில் நின்றன. கிரைண்டரும் நின்றது. அணைத்துப் போட்டாள், முதலிலிருந்து அதே குழல், அதே இடத்தில் அதே நிற்பு. அதே வேளையில் எதிர்வீட்டு மிக்சி தவிலோடு தேங்காய்ச் சட்னியைப் பாதி அரைத்து நிறுத்தியது, மூன்றாம் தெருவில் தண்ணீர் மோட்டார் மழை பெய்கிற மாதிரி ஒரு மெட்டைப் பாடி, தொட்டியில் கால்வாசியை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டது, எங்கள் வீட்டு ஃபேன் ஒரு தாலாட்டைத் தொடங்கி, கண் சொருகுகிற நேரத்தில் கைவிட்டது. வீட்டுக்கு ஒரு மெட்டு. பாதி வீட்டுக்கு இரண்டு.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தால் சமையல் ஆகுமா? மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் சரியாக வருகிறது, சங்கீதம் தங்கள் இலாகா இல்லை என்றார். பூசாரி, கொடைக்கு மேளம் குறைவாக வைத்த குற்றம் என்றார். ஒரே வாரத்தில் பழகிக்கொண்டோம். ஒரு தொட்டி நிரம்ப நாலு மழை, சாம்பார்ப் பொடிக்குப் பதினொரு தவில், இட்லி மாவுக்கு முப்பது குழல் என்று கணக்கு வந்துவிட்டது. நலச் சங்கத் தலைவர் சவரிமுத்து ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்டுகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க எந்தத் தெரு எப்போது அரைக்கலாம் என்று கால அட்டவணை போட்டு பம்ப் ரூம் கதவில் ஒட்டினார். பெண் பார்க்க ஆள் வந்த ஒரு வீட்டில், மிக்சி அழுகிற மெட்டாகப் பாடித் தொலைக்குமே என்று பக்கத்து வீட்டு மிக்சியை வாங்கி வைத்தார்கள். அது பாடிய வேகத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கே கால் தாளம் போட்டது. பொறாமையும் வந்தது. தன் மெட்டு மட்டும் நாற்பது விநாடியில் நிற்கிறதே, எதிர்வீட்டுக்காரிக்கு இரண்டரை நிமிடமா என்று பேச்சை முறித்துக்கொண்டவர்களும் உண்டு.

பால்வண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமையே தோசைமாவு வாங்கக் கிண்ணத்தோடு பேச்சித்தாய் வாசலுக்குப் போயிருந்தார். குழல் கேட்டது. கிண்ணம் கையிலிருந்து நழுவி உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. அவருக்கு வந்த முதல் உணர்வு சந்தோஷம், குழந்தை காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த சந்தோஷம். இரண்டாவது வெட்கம், மூன்று தெருவும் கேட்கிறதே என்று காது மடல் சிவந்தது. அன்று முழுக்க வீடு வீடாக ஏதோ சாக்குச் சொல்லிப் போய்த் தன் மெட்டுகளை அடையாளம் கண்டுகொண்டார். செல்போனில் பதிவு செய்து பார்த்தார். பதிவில் வெறும் மிக்சி சத்தம்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பேச்சித்தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பேச்சித்தாய்தான் முதலில் வந்து நின்றாள். முப்பது தடவை நின்று நின்று ஓடினால் மாவு சூடாகிப் புளித்துவிடுகிறது, வாடிக்கை கலைகிறது, எழுதினவர் முடித்துக் கொடுக்க வேண்டியதுதானே என்றாள். பால்வண்ணன் தயங்கித் தயங்கிப் போனார், பின்னாலேயே ஆவுடையும் கிண்ணத்தோடு போனாள். குழல் மேட்டில் ஏறப்போகிற இடம் வந்தது. பேச்சித்தாய் இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடமாக வராத முடிவு அந்தப் பார்வைக்குப் பயந்து வந்துவிட்டது. வாயாலேயே முனகினார். கிரைண்டர் அவர் முனகலைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, அழகாக முடித்தது. முடித்ததும் தடதடவென்று பழைய கிரைண்டராக அரைக்க ஆரம்பித்தது. அணைத்துப் போட்டார், இன்னொரு முறை அணைத்துப் போட்டார், தடதடதான். மெட்டு போய்விட்டது. பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். பால்வண்ணன் கிரைண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. முடித்தால் போய்விடும், முடிக்காவிட்டால் இருக்கும் என்று தெரிந்துபோயிற்று. பதினோரு வருடமாகத் தெரிந்ததுதான், இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது. ஊர் விடவில்லை. பம்ப் ரூம் முன்னால் கூட்டம் போட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் எப்படி என்று ஒருவர் கேட்டார். சவரிமுத்து மட்டும் அதட்டாமல் கேட்டார்.

“ஏன் தம்பி, அறுபத்து மூணுல ஒண்ணக்கூடவா முடிக்கத் தோணல?”

“முடிச்சா நல்லாயில்லன்னு தெரிஞ்சிரும்லா அண்ணாச்சி. முடிக்காத வரைக்கும் அது நல்ல பாட்டு.”

சவரிமுத்து எதற்கும் ரயிலைத்தான் கொண்டுவருவார். முப்பத்தாறு வருடம் கார்டாக இருந்தேன், நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்று பார்த்ததில்லை, ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம் என்றார். பால்வண்ணன் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அவர் கலந்துகொண்ட கூட்டம் வேறெப்படிக் கலையும்.

அவரை எழுப்பியது மூன்றாம் தெரு வாத்தியாரின் ஆஸ்துமா மெஷின். மூச்சுக்கு மருந்துப் புகை விடுகிற அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் ஒரு மெட்டுப் போய் உட்கார்ந்திருந்தது. ஐம்பது விநாடிக்கு ஒருதரம் நின்றது. ஒரு நாள் ஈரக்காற்றில் வாத்தியாருக்கு இழுப்பு அதிகமாகி, அவர் மகள் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு அழுகிற சத்தம் இரண்டாம் தெரு வரை கேட்டது. பால்வண்ணன் செருப்புப் போடாமல் ஓடினார், பின்னாலேயே ஆவுடையும். அந்த மெட்டு அவருக்கு மிகவும் பிடித்தது என்று பிற்பாடு சொன்னார். ஒரே மூச்சில் முடித்தார். மெஷின் புர்ரென்று ஓடிற்று, வாத்தியாருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. பால்வண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எந்த வீடு என்று கேட்டார்.

பிறகு ஆவணி முழுக்க அதே வேலைதான். ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்துவிட்டு, சவரிமுத்து கொடுத்த சீட்டுப்படி இரண்டு வீடு, மூன்று வீடு. சில முடிவுகள் உடனே வந்தன. சிலவற்றுக்கு நாலு நாள் நடந்தார். போகிற வீடெல்லாம் காபி கொடுத்தோம், முறுக்குக் கொடுத்தோம், சீக்கிரம் ஆகட்டும் அண்ணாச்சி என்று நெருக்கவும் செய்தோம். இதில் ஒரு வேடிக்கை, அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு முன்னால் ஆவுடை அங்கே இருப்பாள். மிக்சி உள்ள வீடென்றால் கைப்பிடி உளுந்தோடு வந்து, மைனி, கொஞ்சம் அரைச்சுக்கிடுதேன் என்பாள். மோட்டார் என்றால் ஒரு குடம் தண்ணீர் வேண்டும், ஃபேன் என்றால் வீட்டில் புழுக்கமாக இருக்கிறது. நாலு தடவை, ஐந்து தடவை போடச் சொல்லிக் கேட்பாள். பிறகு அவர் வந்து முடிக்கும்போது ஓர் ஓரமாக நின்று அதையும் கேட்பாள். தன் மிக்சி தேயக்கூடாது என்று ஊர் மிக்சியில் அரைக்கிறாள், கெட்டிக்காரி என்று பேசிக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

புரட்டாசியில் அறுபத்திரண்டும் முடிந்தன. மீனாட்சி நகர் பழைய இரைச்சலுக்குத் திரும்பியது. நாலு நாள் நிம்மதியாக அரைத்தோம், ஐந்தாம் நாள் என்னவோ குறைந்தது. பாத்திரம் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவரவர் வீட்டு மெட்டு அவரவர் வாயில் தானாக வந்தது. நாளுக்கு முப்பது தடவை கேட்டதல்லவா. ஆனால் எல்லோரும் மிக்சி நின்ற இடத்தில் டக்கென்று நிறுத்தினோம். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. முடிவு எங்கள் வீடுகளில் ஒரே ஒரு தடவைதான் ஒலித்தது. அப்போது நாங்கள் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பால்வண்ணன் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் தன் மெட்டு பாதியில் தடுக்கி விழுவதைக் கேட்டுக்கொண்டே வந்தார். தேடித் தேடிக் கண்டுபிடித்த முடிவுகள் அவருக்கே மறந்திருந்தன. கம்ப்யூட்டர் எரியும் வரை அவரிடம் அறுபத்து மூன்று பாதிகளாவது இருந்தன. இப்போது பாதியெல்லாம் ஊருக்குப் போய்விட்டது, மீதி காற்றுக்குப் போய்விட்டது.

ஒன்றே ஒன்று பாக்கி, அவர் வீட்டு மிக்சியில் இருந்தது. அதுதான் அவர் முதன்முதலில் போட்ட மெட்டு. பதினோரு வருடமாக ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்பது. அதைத் தொடமாட்டேன், அது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தினம் சாயங்காலம் வெறும் மிக்சியைப் போட்டு அது நிற்கும் வரை கேட்பார். அணைத்துவிட்டு எழுந்து போவார். ஆவுடை வேறு வீட்டில் அரைத்து வந்தாள். மேற்கொண்டு நடந்ததை ஆவுடை பேச்சித்தாயிடம் சொல்ல, பேச்சித்தாய் மாவோடு சேர்த்து எங்களுக்கெல்லாம் அளந்தாள்.

சரஸ்வதி பூஜையன்று காலை. சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் சேர்த்துவிட்டால் மறுநாள் வரை எந்தச் சாமானையும் எடுத்துப் புழங்கக்கூடாது என்பதால், மூன்று தெருவிலும் எல்லோரும் மும்முரமாக அரைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மிக்சி இரவல் தருகிற நேரம் இல்லை. ஆவுடை வடைக்கு ஊறிய பருப்பைத் தன் மிக்சியிலேயே போட்டு சுவிட்சைத் திருகினாள். பால்வண்ணன் பூஜை அலமாரி முன்னால் பென் டிரைவ் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெட்டு வந்தது, வளைந்தது, சிக்குகிற இடத்துக்கு வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து ஆவுடை, கையில் கரண்டியோடு, பருப்பைப் பார்த்தபடியே வாயால் எடுத்துப் பாடினாள். மிக்சி அவளோடு போயிற்று. எங்கும் தயங்காமல் போய், இரண்டு சுற்றுச் சுற்றி, முடிந்து, கர்ரென்று பருப்பை அரைத்தது.

பால்வண்ணன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“அது அப்படி இல்ல” என்றார்.

“எப்படியாம்?”

இந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதையும் தீர்த்துவிட்டாயே என்று கத்த வாயெடுத்தார். ஆனால் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஆவுடை மாவை வழித்தாள். வழித்துக்கொண்டே பேச்சித்தாய் வீட்டுக் குழலைத் தொடக்கத்திலிருந்து பாடினாள். அது நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, முடித்தாள். பிறகு மழையை முடித்தாள். பிறகு எங்கள் வீட்டுத் தாலாட்டை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடத்தில் அவர் அவளைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அறுபத்திரண்டும் தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன, வீடு வீடாக உளுந்தைத் தூக்கிக்கொண்டு போனது எதற்காம் என்றாள் அவள். இத்தனை வருடம் அந்த ஹெட்போனுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா, கல்யாணமான வீட்டில் ஒரு அறைக்குள் மட்டும் என்னை விடாத மாதிரி இருந்தது என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லையாம். அவர் அழுதாராம். இந்த முறை கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு இல்லை.

பிறகு, அவள் பாடிக் கேட்டதும் மறந்தது ஞாபகம் வந்தவராக, மழையில் கடைசியாக வருகிற வளைவு நான் போட்டது மாதிரி இல்லையே என்றார், விடாப்பிடியாக.

“ஆமா. நீங்க போட்டது நல்லாயில்ல. மாத்திட்டேன்.”

“வேற எதையெல்லாம் மாத்தின?”

“நின்ன இடம் வரைக்கும் உங்களோடது. அதுக்கு மேல என்னோடது. உங்களுக்கு வேணும்னா நின்ன இடத்துலயே நின்னுக்கிடுங்க.”

பால்வண்ணன் எழுந்துபோய், நலச் சங்கத் தீர்மானங்களை ஏற்றி வைக்க ஒன்று வேண்டும் என்று சவரிமுத்து அலைந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்து, அந்தப் பென் டிரைவை உறையோடு கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஆவுடை நாளைக்கு ஒரு மெட்டுத்தான் பாடுவேன், அதுவும் யாராவது தேங்காய் துருவிக் கொடுத்தால் என்று சொல்லியிருந்தாள். அவர் துருவுபலகையைக் கழுவி, அடுக்களைத் தரையில் போட்டு உட்கார்ந்தார்.